கடல்நீரும் வெயிலும் கையில் இருக்க, ஒளிவினையூக்கியால் ஹைட்ரஜன் எடுக்க முடியுமா?

பாம்பன் ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பனை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து வருகிறேன். பள்ளியின் பின்சுவரைத் தாண்டினால் கடல். ஆண்டில் பெரும்பகுதி நல்ல வெயில். குடிநீருக்கு மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயை எதிர்பார்த்திருக்கிறோம். இவற்றை ஒருசேரப் பார்த்த என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் நால்வர், ஒளி பட்டால் வினையைத் தூண்டும் ஒளிவினையூக்கிப் பொடியைக் கடல்நீரில் கலந்து வெயிலில் வைத்தாலே மின்சாரம் இல்லாமல் ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு, அதை அறிவியல் கண்காட்சியில் செய்து காட்ட விரும்பினார்கள். 1972ஆம் ஆண்டு ஜப்பானில் ஃபூஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையின் மீது ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்த கதையை வகுப்பில் சொன்னவனே நான்தான் என்பதால், மறுக்க முடியவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். இராமநாதபுரத்தில் ஒரு பெயின்ட் கடையில் டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளைப் பொடி வாங்கினோம். வடிகட்டிய கடல்நீரில் லிட்டருக்கு 5 கிராம் வீதம் கலந்து, கண்ணாடிக் குடுவையில் விளிம்புவரை நிரப்பி, நீர் நிறைந்த தட்டில் கவிழ்த்து, மொட்டைமாடியில் வைத்தோம். காலை பத்து மணிக்கு வைத்த குடுவையின் மேற்புறத்தில் பிற்பகல் மூன்று மணிக்குள் ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் வாயு சேர்ந்திருந்தது. மாணவர்கள் ஹைட்ரஜன் கிடைத்துவிட்டதென்றே முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் மனம் முழுதாக ஒப்பவில்லை.

அது ஹைட்ரஜன்தானா என்பதை எரியும் தீக்குச்சியைக் காட்டி, 'பாப்' என்ற ஒலி வருகிறதா என்று பார்த்து உறுதி செய்யலாமா? அடுத்து, அதே பொடி குழாய்நீரில் பல மணி நேரம் பால்போல் கலங்கி நிற்க, கடல்நீரில் மட்டும் கால் மணி நேரத்தில் அடியில் படிந்துவிட்டதற்கு என்ன காரணம்? இன்னொன்று, மாணவர் ஒருவரின் தந்தை நாட்டுப்படகு வைத்து மீன்பிடிப்பவர், "டீசலுக்குப் பதிலாக இதில் எஞ்சினை ஓட்டும் காலம் வருமா, சார்?" என்று கேட்டார். அவருக்குப் பொய்யான நம்பிக்கையும் கொடுக்கக் கூடாது, தெரியாமல் ஏளனமும் செய்யக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.


வாலிநோக்கம் உப்பளம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பொடி படிந்ததைப் பற்றி மட்டும், உப்பளத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெள்ளம் வரும் ஆண்டுகளில் வைகைத் தண்ணீர் ஆற்றங்கரை முகத்துவாரத்தில் கடலோடு சேரும்போது, செந்நிறமாக வந்த கலங்கல் உப்புநீரைத் தொட்டதும் திரண்டு அடியில் இறங்குவதை நீங்களும் பார்த்திருக்கலாம். களிமண் துகள்கள் ஒரேவகை மின்னூட்டத்தைச் சுமந்திருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உப்பின் அயனிகள் சூழ்ந்தவுடன் அந்த விலக்கு விசை எட்டும் தொலைவு சுருங்கிவிடுவதால், அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனத்துப் படிகின்றன. உங்கள் வெள்ளைப் பொடிக்கு நேர்ந்ததும் அதுவே.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் என்பது சமையல் உப்பைக் கரைத்த தண்ணீர் மட்டும் அன்று. உப்புநீரின் அடர்த்தியைப் போமே என்ற அளவால் குறிப்போம். பாத்திக்கு ஏறத்தாழ 3 போமே அளவில் வரும் நீர், 25 போமேயை நெருங்கும்போதுதான் உப்பாகப் பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணாம்பும் ஜிப்சமும் தனித்தனியாக இறங்கிவிடும். உப்பை வாரிய பிறகும் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் எஞ்சும். அத்தனையும் உங்கள் குடுவைக்குள் இருக்கின்றன.


மின்வேதி

ஆசிரியர் அவர்களுக்கு: முதலில் தீக்குச்சியைக் கீழே வையுங்கள். துத்தநாகத்தில் அமிலம் ஊற்றி வகுப்பில் எடுக்கும் ஹைட்ரஜனோடு ஆக்சிஜன் கலந்து வருவதில்லை. ஆனால் ஒரே குடுவையில் பொடியைப் போட்டு நீரைப் பிரிக்கும் முறை உண்மையிலேயே வெற்றி பெற்றால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், அதாவது வெடிப்பதற்கு மிகப் பொருத்தமான விகிதத்தில், சேர்ந்தே வரும். காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் தீப்பற்றும், பற்றவைக்க 0.02 மில்லிஜூல் ஆற்றலே போதும் என்பதால், நம் விரல்நுனியில் தெறிப்பதாக உணரும் நிலைமின்பொறியே அதற்கு அதிகம். உங்களிடம் உள்ள 3 மில்லிலிட்டரால் பெரிய கேடு வராது; ஆயினும் கண்ணாடிக் குடுவைக்குள் தீக்குச்சியை நீட்டும் பழக்கம் மாணவர்களுக்கு வரக் கூடாது.

சேர்ந்த வாயு ஹைட்ரஜன் அன்று என்றே நான் கருதுகிறேன். நீரில் எப்போதும் காற்று கரைந்திருக்கிறது. நீர் சூடேறச் சூடேற அது கொள்ளும் காற்றின் அளவு குறைகிறது. காலையில் 28 டிகிரியில் இருந்த ஒரு லிட்டர் நீர், மாடி வெயிலில் 45 டிகிரியை எட்டினால், சில மில்லிலிட்டர் காற்று குமிழிகளாக வெளியேறித்தான் ஆக வேண்டும். உங்கள் 3 மில்லிலிட்டர் அந்தக் கணக்கில் பொருந்திப் போகிறது. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மேலும் மூன்று குடுவைகளை வையுங்கள்: ஒன்றில் பொடியே இல்லாத கடல்நீர், இன்னொன்றில் பொடி கலந்து கறுப்புத் துணி சுற்றிய கடல்நீர், மூன்றாவதில் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்ட கடல்நீரும் பொடியும். ஒளியால்தான் வாயு வந்தது என்றால், துணி சுற்றியதில் வரக் கூடாது.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு நீங்கள் வாங்கிய பொடியும் ஒரு காரணம். பெயின்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு, ஒளியைச் சிதறடித்து வெண்மை தருவதற்காக ஏறத்தாழ 200 முதல் 300 நானோமீட்டர் அளவில் தயாரிக்கப்படுவது. அது வெயிலில் ஒளிவினையூக்கியாக வேலை செய்யத் தொடங்கினால், தன்னைச் சுற்றியுள்ள பெயின்டையே அரித்துச் சுவரைச் சுண்ணாம்புபோல் உதிரவிட்டுவிடும். அதனாலேயே ஒவ்வொரு துகளின் மேலும் அலுமினாவும் சிலிக்காவும் பூசி, அதன் வினையூக்கத் திறனை வேண்டுமென்றே அடக்கி விற்கிறார்கள். நீங்கள் வாங்கி வந்தது கைகட்டப்பட்ட வினையூக்கி. ஆய்வகங்களில் பயன்படும் பி25 என்ற வகை, ஏறத்தாழ 20 முதல் 25 நானோமீட்டர் துகள்களைக் கொண்டது, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 50 சதுர மீட்டர் பரப்பு உடையது, மேற்பூச்சும் இல்லாதது.

அதை வாங்கிப் போட்டாலும் அடுத்த தடை ஒளியிலேயே இருக்கிறது. நீரைப் பிரிக்கக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் போதும். ஆனால் அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதன் எலெக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்த அளவு ஆற்றல், 3.2 எலெக்ட்ரான் வோல்ட். ஏறத்தாழ 387 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் கொண்ட ஒளி அதற்கு இருட்டுக்குச் சமம். கடற்கரை வெயிலில் புற ஊதாக் கதிர்களின் பங்கு ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடே. அந்தக் கதிர்களில் ஒன்றைக்கூட வீணாக்காமல் பயன்படுத்தினாலும், சூரிய ஆற்றலில் 1.3 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜனாக மாற அந்தப் பொருளில் வழியில்லை.

இனி, இந்தப் பகுதியில் இருப்பவர்கள் எல்லாரும் விரும்பும் கடல்நீர்ப் பேச்சுக்கு வருகிறேன். 'கடல் அருகில் இருக்கிறது, ஆகவே ஹைட்ரஜன் எளிது' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வினையூக்கியில் உண்டாகும் எலெக்ட்ரான்கள் ஒரு முனையில் நீரை ஒடுக்கி ஹைட்ரஜனைத் தரும்போது, எலெக்ட்ரான் விட்டுப்போன வெற்றிடங்களான நேர்மின் துளைகள் மறுமுனையில் எதையாவது ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். தூய நீரில் அவற்றுக்கு நீரைத் தவிர வேறு இரை இல்லை. கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு காத்திருக்கிறது. ஆக்சிஜன் உண்டாக நான்கு எலெக்ட்ரான்கள் கைமாற வேண்டும்; குளோரின் உண்டாக இரண்டே போதும் என்பதால் அந்த வழி விரைவானது. காரத்தன்மை மிகுந்த நீரில், ஆக்சிஜனுக்கும், குளோரைடிலிருந்து அங்கே உண்டாகும் ஹைப்போகுளோரைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.48 வோல்ட் இடைவெளி இருக்கிறது. மின்னாற்பகுப்புக் கலத்தில் மின்னழுத்தத்தை அளந்து கொடுத்து, அந்த இடைவெளிக்குள் நின்றுகொண்டு குளோரினைத் தவிர்க்கலாம். டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளிபட்டு உண்டாகும் துளைக்கோ, இந்த இரண்டையும் தாண்டிய ஆக்சிஜனேற்ற வலிமை இருக்கிறது. அழுத்தத்தை அளந்து கொடுக்கும் திருகும் நம் கையில் இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். குளோரின் வழியே மட்டும் வினை நடந்தால், 1 கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 35 கிலோ குளோரின் உண்டாகும். 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத் திட்டுகளுமாக 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் கரையில் அமர்ந்துகொண்டு, அந்தக் குளோரினை எங்கே கொண்டுபோய் விடுவது? இது போதாதென்று, ஹைட்ரஜன் உண்டாகும் இடத்தில் காரத்தன்மை கூடுவதால், உப்பளத்து நண்பர் சொன்ன மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறி, வினையூக்கியின் மேல் வெள்ளைப் படலமாகப் படிந்து வினை நடக்கும் இடங்களை அடைக்கும்.

இத்தனைக்கும் நாம் மிச்சப்படுத்துவது என்ன? 1 கிலோ ஹைட்ரஜனுக்குப் பிரிந்து போகும் நீர் 9 லிட்டர்தான். எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் ஒரு கன மீட்டர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ 3 முதல் 4 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. 9 லிட்டருக்கு அது 0.04 கிலோவாட் மணிக்கும் குறைவு. கிடைக்கும் ஹைட்ரஜனிலோ 33 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்துப் பார்த்த மாவட்டம் இது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலை மிச்சம் பிடிப்பதற்காகக் குளோரினையும் மக்னீசியத்தையும் வினையூக்கியின் தலையில் கட்டுவது எனக்குச் சிக்கனமாகத் தோன்றவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்த நமக்குத் தண்ணீர்தான் பெரிய செலவு என்று தோன்றுவது இயல்பு. இந்த வேலையில் அருமையானது தண்ணீர் அன்று. அருமையானது ஒளியைத் தவறவிடாமல் பிடிக்கும் பொருள்.

படகுக்காரர் கேட்டதற்கு நேரான விடை சொல்கிறேன். ஒளிவினையூக்கித் தகடுகளை 100 சதுர மீட்டர் பரப்பில் வெட்டவெளியில் நிறுவி, ஹைட்ரஜனைச் சவ்வின் வழியே பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் ஜப்பானிய வேதியியலாளர் டோமெனின் குழுவினர்; 2021இல் வெளியான அந்த ஆய்வில் எட்டிய உச்சத் திறன், அதாவது வெயிலின் ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறிய பங்கு, 0.76 விழுக்காடு. அதே அமைப்பை ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலத்தில் இங்கே நிறுவி, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 கிலோவாட் மணி வெயில் கிடைப்பதாகவும், உச்சத் திறன் நாள் முழுவதும் நிலைப்பதாகவும் தாராளமாக வைத்துக்கொண்டாலும், நாளுக்கு ஏறத்தாழ 116 கிராம் ஹைட்ரஜன் வரும். அதன் ஆற்றல் 0.4 லிட்டர் டீசலுக்கும் குறைவு. அதே இரண்டரை சென்டில் 20 விழுக்காடு திறனுள்ள சூரிய மின்தகடுகளைப் பரப்பி, அந்த மின்சாரத்தைக் கொண்டு மின்னாற்பகுப்பு செய்தால், நாளுக்கு 1.9 கிலோ வரை எடுக்கலாம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கும் மாவட்டத்தில், ஹைட்ரஜன் எஞ்சின் வந்தாலும் இப்போதைக்கு அந்தப் பாதையில்தான் வரும் என்று அவரிடம் சொல்லுங்கள்.


ஆய்வு மாணவி, தொண்டி

மின்வேதி ஐயா சொன்ன அளவுகளோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் படிக்கும் மாணவர்கள், நானோ ஒளிவினையூக்கியே பயனற்ற முயற்சி என்று எண்ணிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

துகள் ஏன் நானோ அளவில் இருக்க வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாகத் துண்டாடினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர், ஏறத்தாழ பதினைந்து சென்ட் நிலம். எனினும் பரப்பைவிட முக்கியமான காரணம் வேறு. ஒளி பட்டதும் உண்டாகும் எலெக்ட்ரானும் துளையும் மிகக் குறுகிய நேரத்தில், பெரும்பாலும் நானோ வினாடிகளுக்குள், மீண்டும் ஒன்றுசேர்ந்து வெறும் வெப்பமாக அழிந்துபோகின்றன. இரும்பின் ஆக்சைடான ஹெமடைட்டில், துளை அழியுமுன் நகரக்கூடிய தொலைவு சில நானோமீட்டர்களே. துகள் சிறிதாக இருந்தால்தான் அவை அழியுமுன் மேற்பரப்பை எட்டி நீரைத் தொட முடியும்.

சிறிதாக்கினால் மட்டும் போதாது. இரண்டையும் வெவ்வேறு திசைகளில் அனுப்பவும் தெரிய வேண்டும். அதே டோமென் குழுவினர் 2020இல், அலுமினியம் சிறிதளவு கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தின் ஒரு வகை முகங்களில் எலெக்ட்ரான்களும் மற்றொரு வகை முகங்களில் துளைகளும் சேர்வதைப் பயன்படுத்தி, முன்னதில் ரோடியம்–குரோமியம் ஆக்சைடையும் பின்னதில் கோபால்ட் சேர்மத்தையும் துணை வினையூக்கிகளாகப் பதித்தார்கள். ரோடியத்தின் மேல் குரோமியம் ஆக்சைடு போர்த்தியிருப்பதால், உண்டான ஹைட்ரஜனோடு ஆக்சிஜன் அங்கேயே மீண்டும் சேர்ந்து நீராகிவிடுவது தடுக்கப்படுகிறது. 350 முதல் 360 நானோமீட்டர் ஒளியில் அவர்கள் எட்டிய குவாண்டம் திறன், அதாவது விழுந்த ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்பட்டவற்றின் பங்கு, 96 விழுக்காடு வரை சென்றது. வெட்டவெளி வெயிலில் திறன் 0.76 விழுக்காடாகச் சுருங்குவதற்கு, அந்தப் பொருளும் புற ஊதாவை மட்டுமே உண்பது ஒரு பெரிய காரணம். பிரிக்கும் கலை கைவந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உண்ணும் பொருளில் அதே கலையைச் செய்வதுதான் எஞ்சியிருக்கும் வேலை.

கண்ணுறு ஒளியை உண்ணும் பொருள்கள் இல்லாமல் இல்லை. காட்மியம் சல்ஃபைடின் ஆற்றல் இடைவெளி 2.4 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ஆனால் தன் துளைகளாலேயே தன் சல்ஃபைடை அரித்துக்கொண்டு காட்மியத்தை நீரில் விட்டுவிடும் என்பதால், பள்ளிப் பக்கம் அதைக் கொண்டுவர வேண்டாம். யூரியா அல்லது மெலமினை மூடிய கிண்ணத்தில் 550 டிகிரி அளவுக்குச் சூடாக்கிப் பெறும் மஞ்சள் நிறக் கார்பன் நைட்ரைடு, 2009 முதல் பலரும் ஆராயும் பொருள், இடைவெளி 2.7. மலிவானது, உலோகமற்றது. சூடாக்கும்போது அம்மோனியா வெளிவருமாகையால், புகைபோக்கி உள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கார்பன் நைட்ரைடைப் பற்றிய கட்டுரைகளில் பெரிய பெரிய ஹைட்ரஜன் அளவுகளைப் பார்த்தால், உடனே அந்த நீரில் மெத்தனாலோ டிரைஎத்தனாலமினோ கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகங்களில் சாக்ரிஃபீஷியல் ஏஜென்ட் என்று சொல்லப்படும் இவை, துளைகளுக்குத் தம்மையே இரையாகக் கொடுத்து எலெக்ட்ரான்களைப் பிழைக்கவைப்பவை. மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் வருவதற்கு ஆற்றல் மேட்டில் ஏற வேண்டியது மிகக் குறைவு. நீரைப் பிரிப்பதற்கோ ஒரு மோலுக்கு 237 கிலோஜூல் ஏற வேண்டும். முன்னதைச் செய்துவிட்டு நீரைப் பிரித்தேன் என்று எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆக்சிஜனும் பாதியளவு வந்ததா என்று கேட்பதே சரியான சோதனை.

கடல்நீரைப் பற்றி ஒரு மறுப்பு. 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் இண்டியம் காலியம் நைட்ரைடு நானோ கம்பிகளைக் கொண்டு, குவித்த ஒளியில், 70 டிகிரி வெப்பத்தில், தூய நீரில் 9.2 விழுக்காடும் குழாய்நீரிலும் கடல்நீரிலும் ஏறத்தாழ 7 விழுக்காடும் எட்டினார்கள். வெட்டவெளியில் இயற்கை வெயிலைக் குவித்தபோது 6.2. ஆகவே கடல்நீரில் முடியவே முடியாது என்பதில்லை. உப்பளத்து ஐயா சொன்ன திரண்டு படியும் தொல்லை அங்கே எழவும் இல்லை. ஏனென்றால் அது பொடியே அன்று, சிலிக்கன் தகட்டின் மேல் நாற்றுப்போல் நட்டு வளர்த்த கம்பிகள். வெயிலின் வெப்பக் கதிர்களே அந்த 70 டிகிரியைத் தந்து வினைக்கு உதவுகின்றன என்பதும், நம் ஊர் வெயிலை நினைத்தால் ஆர்வமூட்டுவது.


மின்வேதி

மறுப்பு நியாயமானது, 'முடியாது' என்ற தொனியில் நான் எழுதியிருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் தந்த எண்களே என் கட்சியையும் பேசுகின்றன. தூய நீரில் 9.2, கடல்நீரில் 7 என்றால், கிடைத்திருக்க வேண்டிய ஹைட்ரஜனில் ஏறத்தாழ கால்பங்கு போய்விடுகிறது. நீரை நன்னீராக்கிக் கொடுக்க ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல் செலவு. கால்பங்கை இழந்து ஆயிரத்தில் ஒன்றைக் காப்பாற்ற எந்த வியாபாரியும் ஒப்பமாட்டார். அந்தக் கம்பிகளை வளர்க்க அதிவெற்றிடத்தில் அணு அடுக்குகளாகப் படியவைக்கும் கருவி வேண்டும் என்பதையும், ஒளியை ஏறத்தாழ 160 மடங்கு குவிக்க வேண்டியிருந்தது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும். குவிக்கும் கண்ணாடிக்கு நேர் வெயில் தேவை. நம் கடற்கரையில் உப்புப் பிசுபிசுப்போடு வரும் காற்று எந்தக் கண்ணாடியையும் ஒரு வாரம் சுத்தமாக விட்டுவைப்பதில்லை.


பாம்பன் ஆசிரியர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே கடந்த ஞாயிறன்று, பழைய குடுவையையும் சேர்த்து நான்கு குடுவைகளை வைத்தோம். பொடி கலந்த கடல்நீரில் முன்போலவே 3 மில்லிலிட்டர் சேர்ந்தது. பொடியே இல்லாத கடல்நீரிலும் அதே அளவு சேர்ந்தது. கறுப்புத் துணி சுற்றிய குடுவையில் ஏறத்தாழ 4 மில்லிலிட்டர்! முதலில் திகைத்த மாணவர்கள் வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்து, துணி வெயிலை உண்டு அந்தக் குடுவையை மற்றவற்றைவிடச் சூடாக்கியிருப்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். கொதிக்கவைத்து ஆறவிட்ட நீர் இருந்த குடுவையில், கண்ணாடியில் ஒட்டிய ஓரிரு சிறு குமிழிகளைத் தவிர எதுவும் இல்லை. எங்கள் 'ஹைட்ரஜன்' கரைந்திருந்த காற்றுதான் என்பதில் இனி ஐயமில்லை.

ஒரு மாணவி மட்டும் மிகவும் வாடிப்போனாள். கண்காட்சிக்கு இந்த நான்கு குடுவைகளையே வைக்கலாம் என்று நான் சொன்னபோது, "தோற்றுப்போனதை யார் சார் பார்ப்பார்கள்?" என்று கேட்டாள். படகுக்காரரிடம் 0.4 லிட்டர் டீசல் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தீவைச் சுற்றிவரக்கூடக் காணாதே" என்றார். பிறகு மின்தகட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிச் சென்றார்.

ஹைட்ரஜன் இல்லாவிட்டாலும், ஒளி பட்டால் வினையூக்கி உண்மையிலேயே ஏதோ செய்கிறது என்பதைப் பள்ளியில் பாதுகாப்பாகக் காட்ட வழி உண்டா?


ஆய்வு மாணவி, தொண்டி

உண்டு, ஐயா. பி25 வகைப் பொடி சில கிராம் போதும். அருகிலுள்ள கல்லூரி ஆய்வகத்தில் கேட்டால் கிடைக்கலாம். உலர்ந்த நிலையில் அதைத் தூவவோ முகரவோ விடாமல், முகக்கவசம் அணிந்து முதலில் நீரில் குழைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் மெத்திலின் நீலம் கரைத்த நீர் சிறிது எடுத்து, லிட்டருக்கு அரை கிராம் வீதம் பொடி கலந்து, முதலில் அரை மணி நேரம் இருட்டில் கலக்கிக்கொண்டே இருங்கள். பொடி சாயத்தை உறிஞ்சிக்கொள்வதால் வரும் நிறக்குறைவு அப்போதே முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெயிலில் வைத்ததும் நீலம் வெளுப்பது பெரும்பாலும் ஒளிவினையால். பொடியில்லாத நீலநீர் ஒன்றும், பொடியோடு இருட்டிலேயே இருக்கும் நீலநீர் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். மெத்திலின் நீலம் வெயிலில் தானாகவும் ஓரளவு வெளுக்கும்.

இதையே கடல்நீரிலும் செய்து பாருங்கள். துகள்கள் திரண்டு படிவதாலும், துளைகளில் ஒரு பங்கைக் குளோரைடு பறித்துக்கொள்வதாலும், நிறம் மறைய அதிக நேரம் ஆவதை மாணவர்கள் மணிப்பொறியில் குறிக்கலாம். அந்த மாணவியிடம், நான்கு குடுவைகளையும் இந்த நீலக் கோப்பைகளையும் ஒரே மேசையில் வைக்கச் சொல்லுங்கள். கறுப்புத் துணிக் குடுவையில்தான் வாயு அதிகம் என்பதைப் பார்ப்பவர்களிடம் முதலில் சொல்லாமல், எதில் அதிகம் இருக்கும் என்று அவர்களையே ஊகிக்கச் சொல்லட்டும்.


வாலிநோக்கம் உப்பளம்

கடல்நீரைக் கரையோரத்தில் மொள்ளாதீர்கள், ஐயா. பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, காற்றடித்தால் சேறு கலங்கும். அந்தக் கலங்கல் வெயிலையும் மறைக்கும், சாயத்தையும் உறிஞ்சும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம், காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், இடுப்பளவு நீரில் எடுத்து, ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.